குழுவில் உன் பொறுப்பு என்ன?

பிரான்சில் லிசே இறுதியாண்டுப் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் பார்க்கூர்சுப் தளத்தில் தங்கள் மேற்படிப்பு விருப்பங்களைப் பதிய வேண்டும். பாரிசின் லாச்சப்பல் பகுதிக்கு வந்துபோகும் தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த வாரங்கள் நிம்மதியற்றவை. மருத்துவமா, பொறியியலா, கணக்கியலா என்று நடந்துவந்த பேச்சில் இப்போது வீடியோ கேம் வடிவமைப்பும் சேர்ந்துகொண்டிருக்கிறது. பிள்ளை அந்த விருப்பத்தைச் சொன்னதும் பெற்றோர் கேட்பவை பெரும்பாலும் இரண்டு கேள்விகள்: எந்தப் பள்ளி, முடித்தால் எவ்வளவு சம்பளம். இரண்டும் நியாயமானவை. உணவகச் சமையலறையிலும் துப்புரவு வேலையிலும் உழைத்துப் பிள்ளையைப் படிக்கவைக்கும் தலைமுறைக்கு அவற்றைக் கேட்கும் முழு உரிமை இருக்கிறது. ஆனால் இந்தத் துறையில் பிள்ளையின் எதிர்காலத்தை அதிகம் தீர்மானிப்பது மூன்றாவது ஒரு கேள்வி. பள்ளியில் குழுவாகச் சேர்ந்து உருவாக்கும் விளையாட்டில் அந்தப் பிள்ளை எந்தப் பொறுப்பை ஏற்கப்போகிறது, அதைச் செய்துமுடித்ததற்கு என்ன சாட்சி இருக்கும் என்பதே அது. மாணவர் கேம் திட்டங்களில் பொறுப்புகள் எழுத்தில் பிரிக்கப்பட வேண்டும், எல்லாப் பொறுப்புக்கும் ஒரே மரியாதை வேண்டும், செய்தவரின் பெயர் செய்த வேலையோடு பதிவாக வேண்டும். இதைக் கேட்டு வாங்க வேண்டிய கடமை மாணவருக்கும் உண்டு, பெற்றோருக்கும் உண்டு.

இத்துறையைக் கற்க இந்த நாட்டில் வழிகள் பல. 1794இல் நிறுவப்பட்ட க்னாம் என்ற அரச கல்வி நிறுவனம் பாரிஸ் சன் மார்த்தன் வீதியில் இருக்கிறது. லாச்சப்பலில் இருந்து நடந்தே போய்விடலாம். அதன் கீழ் அங்குலேம் நகரில் 2005இல் தொடங்கப்பட்ட என்ஜ்மின் பள்ளி, கேம் துறைக்கென்றே மாஸ்டர் பட்டம் தருகிறது. பாரிசில் 2001 முதல் இயங்கும் ஈசார் டிஜிட்டல், வலன்சியன் நகரின் ரூபிக்கா போன்ற தனியார் பள்ளிகள் இருக்கின்றன. ஐயூட்டி எனும் பல்கலைக்கழகத் தொழில்நுட்ப நிறுவனங்களில் மூன்றாண்டு மல்ட்டிமீடியா படிப்பு வழியாகவும் இத்துறைக்குள் நுழையலாம். கட்டணத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அரசு வழியில் ஆண்டுக்குச் சில நூறு யூரோவோடு முடிவது, பல தனியார் பள்ளிகளில் ஏழாயிரம், எட்டாயிரம், அதற்கும் மேலே போகிறது. ஆனால் ஒரு விஷயத்தில் எல்லாப் பள்ளிகளும் ஒன்றுபடுகின்றன. படிப்பின் உச்சம் தேர்வுத்தாள் அல்ல. பல மாதம் குழுவாக உழைத்து, பிறர் ஆடிப் பார்க்கக்கூடிய ஒரு விளையாட்டை முடித்துக் காட்டுவதுதான். என்ஜ்மினில் மாணவரைச் சேர்க்கும்போதே விளையாட்டு வடிவமைப்பு, காட்சி, ஒலி, நிரலாக்கம், திட்ட மேலாண்மை, ஆடுபவரின் அனுபவத்தை ஆராயும் பிரிவு என்று தனித்தனியாகச் சேர்த்து, பிறகு திட்டத்துக்காக அவர்களைக் கலந்து குழுக்களாக்குகிறார்கள். பொறுப்புப் பிரிப்பும் பாடத்தின் ஒரு பகுதி என்று அந்தப் பள்ளி கருதுவதற்கு இந்த அமைப்பே சான்று.

பொறுப்பு என்பது இங்கே எவ்வளவு நுணுக்கமானது என்பதை ஒரேயொரு தாவலை வைத்துப் பார்க்கலாம். திரையில் ஒரு பாத்திரம் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். எவ்வளவு உயரம் தாவலாம், அந்த உயரம் ஆடுபவருக்குப் பலத்தைத் தர வேண்டுமா, பயத்தைத் தர வேண்டுமா என்று முடிவெடுப்பவர் கேம் டிசைனர். பொத்தானை அழுத்திய கணத்தில் பாத்திரம் எழும்பச் செய்வதும், விளிம்பைத் தாண்டிய பின் ஒரு கண்ணிமைப்பு தாமதமாக அழுத்தினாலும் தாவலை ஏற்றுக்கொள்ளும்படி சலுகை வைப்பதும் புரோகிராமரின் வேலை. பள்ளங்களின் அகலத்தை அதற்கேற்ப அளந்து வைப்பவர் லெவல் டிசைனர். முழங்கால் மடிவதையும் பாதம் பதிவதையும் வரைபவர் அனிமேட்டர். கல்லில் விழுந்தால் ஒரு சத்தம், புல்லில் விழுந்தால் வேறு சத்தம் என்று கேட்கவைப்பவர் ஒலி வடிவமைப்பாளர். விளையாட்டை முன்பின் பார்த்திராத ஒருவரை உட்காரவைத்து, அவர் எந்தப் பள்ளத்தில் திரும்பத் திரும்ப விழுகிறார் என்று வாய் திறக்காமல் குறித்துக்கொள்பவர் சோதனைப் பொறுப்பாளர். தாவலின் உயரத்தை எந்தத் தேதிக்குப் பிறகு எவரும் மாற்றக்கூடாது என்று குறித்து, அதைக் காப்பவர் புரொடியூசர். இனி, சமர்ப்பிக்க இரண்டு வாரம் இருக்கையில் யாரோ ஒருவர் மூன்று மீற்றர்த் தாவலை இரண்டரை ஆக்கிவிட்டு மற்றவர்களுக்குச் சொல்ல மறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பாதிப் பள்ளங்கள் தாண்ட முடியாதவை ஆகிவிடும். அசைவு சரியாகப் பொருந்தாது, விழும் சத்தம் பிந்தி ஒலிக்கும். குழுவில் எவருக்கும் திறமை குறைவில்லை. அந்த எண் யாருடைய பொறுப்பில் இருந்தது என்பது மட்டும்தான் தெரியவில்லை. மாணவர் திட்டங்கள் தடுமாறும் இடங்களில் பல இந்த வகையைச் சேர்ந்தவை.

மாணவர் வேலை பள்ளிச் சுவருக்குள் முடிந்துபோவதும் இல்லை. என்ஜ்மின் மாணவர் குழு ஒன்று செய்த 'படில்' என்ற விளையாட்டில் ஆடுபவர் திரையையே இடமும் வலமும் சாய்த்து, ஒரு திரவத்தைச் சிந்தாமல் சிதறாமல் வழிநடத்த வேண்டும். 2010இல் அது அமெரிக்காவின் சுயாதீன கேம் விழாவில் மாணவர் பிரிவுக்குத் தெரிவானது. 2012இல் பிரான்சின் நெக்கோ நிறுவனம் அதை வளர்த்தெடுக்க, ஜப்பானின் கொனாமி உலகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் இதைவிடப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு இருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தின் டிஜிபென் கல்லூரி மாணவர்கள் 2005இல் 'நார்பாக்குலர் டிராப்' என்ற விளையாட்டைச் செய்தார்கள். அதில் வரும் இளவரசிக்குத் தாவத் தெரியாது. சுவரில் வாசல்களைத் திறந்து ஒன்றில் நுழைந்து மற்றதில் வெளியே வருவாள். வால்வ் நிறுவனம் அதைப் பார்த்துவிட்டு அந்தக் குழுவையே வேலைக்கு எடுத்துக்கொண்டது. அந்த எண்ணத்தில் இருந்து பிறந்த 'போர்ட்டல்' 2007இல் வெளிவந்து உலகெங்கும் கொண்டாடப்பட்டது. இந்தக் கதையை ஒரு புத்திசாலி மாணவரின் வெற்றியாகச் சொல்லும் பழக்கம் இருக்கிறது. அதில் உண்மையில் கவனிக்க வேண்டியது, நிறுவனம் ஓர் எண்ணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போகவில்லை என்பது. அந்த எண்ணத்தை ஆடக்கூடிய வடிவத்துக்குக் கொண்டுவந்த கைகள் அனைத்தையும் சேர்த்து அழைத்தது. யார் எதைச் செய்தார் என்று காட்டக்கூடிய குழுவுக்குத்தான் இப்படி ஓர் அழைப்பு வரும்.

புரோகிராமரும் ஓவியரும் இருந்தால் போதும், மற்றவை பிறகு ஒட்டவைப்பவை என்ற எண்ணத்தையும் அனுபவம் பொய்யாக்கியிருக்கிறது. தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் பீச்சம் தன் மாஸ்டர் ஆய்வாகத் தொடங்கிய 'அவுட்டர் வைல்ட்ஸ்' 2019இல் முழு வடிவில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு பாஃப்டாவின் சிறந்த விளையாட்டு விருதைப் பெற்றது. அதில் சுடவும் வெட்டவும் எதுவும் இல்லை. கிரகம் கிரகமாகப் போய், அழிந்துபோன ஓர் இனத்தார் விட்டுச்சென்ற எழுத்துகளை வாசித்து உண்மையைக் கண்டுபிடிப்பதுதான் ஆட்டம். அந்த எழுத்துகளை எழுதியவர் பீச்சமின் சகோதரி கெல்சி. இசையமைத்தவர் ஆண்ட்ரூ பிராலோ. எழுத்தும் இசையும் கடைசி வாரத்தில் சேர்க்கப்பட்டிருந்தால் அந்த விளையாட்டே இல்லை. பிரான்சிலும் மிக அண்மைய சான்று உண்டு. மொன்பெலியே நகரின் சாண்ட்ஃபால் நிறுவனம் 2025 ஏப்ரலில் வெளியிட்ட 'க்ளேர் ஓப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33' அந்த ஆண்டின் உலகச் சிறந்த விளையாட்டாகத் தெரிவானது. அதன் இசையமைப்பாளர் லோரியன் தெஸ்தார் அதற்குமுன் எந்த விளையாட்டுக்கும் இசையமைத்துப் பெயர் பெற்றவர் அல்லர். இணையத்தில் பகிர்ந்துவந்த இசையைக் கேட்டு அவரைக் கண்டுபிடித்தார்கள். தலைமை எழுத்தாளர் ஜெனிபர் ஸ்வெட்பெர்க்-யென் முதலில் குரல் கொடுக்க முன்வந்தவர். தனக்குரிய பொறுப்பு எது என்று ஒருவர் தேடிக் கண்டடையவும் முடியும், ஒன்றில் நுழைந்து இன்னொன்றுக்கு மாறவும் முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

இந்த இடத்தில்தான் எமது குடும்பங்களின் பார்வை விரிய வேண்டியிருக்கிறது. வீடியோ கேம் படிக்கப் போகிறேன் என்ற பிள்ளைக்கு எம்மவர் தரும் அதிகபட்சச் சலுகை, சரி, புரோகிராமர் ஆகு என்பது. கம்ப்யூட்டர் என்ஜினியர் என்று உறவினரிடம் சொல்லிக்கொள்ளலாம். கேம் துறை கைவிட்டால் வேறு துறைக்குத் தாவலாம். ஒலி, எழுத்து, சோதனை, ஒருங்கிணைப்பு என்றால் அது ஒரு வேலையா என்ற முகச்சுளிப்பு. ஆனால் தமிழ் வாழ்க்கையைச் சொன்ன ஒரு விளையாட்டு உலக மேடையில் ஏறியது எதனால் என்று பாருங்கள். டொரொன்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட 'வெண்பா', 1980களின் இறுதியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தாயின் கதை. அழிந்தும் கறைபட்டும் கிடக்கும் அம்மாவின் சமையல் குறிப்புகளைச் சரிசெய்து சமைப்பதுதான் ஆட்டம். இட்லித் தட்டுகளை எந்த வரிசையில் அடுக்கினால் ஆவி எல்லாக் குழிக்கும் போகும் என்பதே அதில் ஒரு புதிர். 2024இல் அது சுயாதீன கேம் விழாவின் பெரும் பரிசையும், அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதையும் வென்றது. அதன் வெற்றிக்கு நிரலாக்கத்தின் சிக்கல் காரணமில்லை. தாளிப்பின் சத்தம், பாட்டு, தாய்மொழி மங்கிப்போகும் மகனின் காதில் தமிழ் எப்படி விழும் என்பதைத் திரையில் எழுத்தாகக் காட்டிய விதம், ஒவ்வொரு பண்டத்தையும் பற்றிய அக்கறையான தேடல் ஆகியவைதான் காரணம். இவை ஒலிக்கும் எழுத்துக்கும் ஆய்வுக்கும் உரிய பொறுப்புகள். இரண்டு மூன்று மொழிகளுக்கிடையில் வளரும் லாச்சப்பல் பிள்ளை இந்தப் பொறுப்புகளுக்கு வெறுங்கையோடு போவதில்லை.

மேடையில் தோன்றாதவரையும் மதிக்கும் மரபு எம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. மட்டக்களப்புக் கூத்தில் ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடியெடுத்துக் கொடுக்கும் ஏட்டண்ணாவியாருக்கும், மத்தளம் அடித்து ஆட்டத்தை நடத்தும் அண்ணாவியாருக்கும் முடி தரித்த ராசாவைவிட மரியாதை குறைவு என்று எவரும் சொல்லமாட்டார்கள். அவர்கள் இல்லாவிட்டால் ராசா எந்த அடியை எப்போது வைப்பார்? கேம் குழுவிலும் புரொடியூசரும் ஒலிக்காரரும் சோதனையாளரும் இருக்கும் இடம் அதுதான்.

இனி, பள்ளிகளில் நடக்கும் பிழைகளுக்கு வருவோம். பொறுப்புகள் பேச்சளவில் பிரிக்கப்படும் குழுக்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் கேம் டிசைனர் ஆக வேண்டும் என்று ஆசை. அந்தப் பெயரில் படைப்பாளி என்ற ஒளி இருக்கிறது. ஒலி கடைசிக்குத் தள்ளப்படுகிறது. சோதனை என்பது நண்பர் ஒருவரைக் கூப்பிட்டு ஆடச்சொல்லி, நன்றாயிருக்கிறது என்ற பாராட்டைக் கேட்டுக்கொள்வதோடு முடிகிறது. கூட்டம் கூட்டுவது, குறிப்பெடுப்பது, தேதி ஞாபகப்படுத்துவது எல்லாம் குழுவில் ஒரு பெண் இருந்தால் அவர் தலையில் இறங்குகின்றன. பிரெஞ்சு கேம் துறையில் பெண்கள் இன்னும் நான்கில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கிறார்கள்; 2017இல் பிரான்சில் விமன் இன் கேம்ஸ் என்ற அமைப்பு தோன்றியதற்கு இதுவே காரணம். ஒழுங்குபடுத்தும் வேலையைச் செய்த பெண்ணுக்கு அது புரொடியூசர் என்ற பொறுப்பாகவும் பதிவாவதில்லை. உதவி செய்தார் என்ற ஒரு வரியில் கரைந்துவிடுகிறது. பிறகு ஸ்டாஜ் எனும் பயிற்சி வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்ட அவரிடம் எதுவும் இருப்பதில்லை. பெயரில்லாத வேலைக்கு மதிப்பெண்ணும் இல்லை, அடுத்த வேலையும் இல்லை என்ற அநீதி இப்படித்தான் பள்ளிப் பருவத்திலேயே தொடங்குகிறது. ஆகவே, பொறுப்பைப் பிரித்தால் மட்டும் போதாது. முதலாண்டின் சிறு திட்டங்களில் எல்லா மாணவரும் எல்லாப் பொறுப்பையும் ஒருமுறையாவது சுழற்சியில் ஏற்க வேண்டும். நிரல் எழுதிய பையனும் ஒருமுறை கூட்டத்தை நடத்தட்டும். ஒழுங்குபடுத்திய பெண்ணும் ஒருமுறை விதிகளை வகுக்கட்டும். இறுதியாண்டில், தெரிந்து தெரிவுசெய்த பொறுப்பில் ஒவ்வொருவரும் நிலைகொள்ளலாம்.

இதற்குப் பெரிய செலவோ புதிய சட்டமோ தேவையில்லை. திட்டத்தின் முதல் வாரத்தில் ஒரு பக்கத் தாள் எழுதப்பட்டால் போதும். ஒவ்வொருவரின் பெயருக்கும் எதிரே நான்கு விடயங்கள் இருக்க வேண்டும்: எந்த வேலை அவருடையது, எந்த முடிவு அவர் கையில், எதை யாரிடம் எந்தத் தேதிக்குள் ஒப்படைப்பார், அவர் நோயுற்றால் யார் தொடர்வார். முடிவு யார் கையில் என்ற வரிதான் அவற்றில் முக்கியமானது. எல்லோரும் கருத்துச் சொல்லலாம், சண்டையும் பிடிக்கலாம். ஆனால் தாவலின் உயரத்தை இறுதியில் தீர்மானிப்பவர் ஒருவர், பின்னணி இசையைத் தீர்மானிப்பவர் வேறொருவர் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால் சண்டை நட்பை முறிக்காது. நடுவில் பொறுப்பு மாறினால் தாளும் மாறட்டும், அந்த மாற்றத்துக்குத் தேதி இருக்கட்டும். முடிவில் விளையாட்டின் பெயர்ப்பட்டியல் இந்தத் தாளில் இருந்தே வர வேண்டும்.

இதற்கு எழும் மறுப்புகளில் கனமானது வேலைவாய்ப்பு பற்றியது. ஸ்டூடியோக்கள் ஆட்களைக் குறைக்கும் காலத்தில் ஒலி, எழுத்து என்று பிள்ளைகளை இழுத்துவிடுவது பொறுப்பற்ற செயல் என்று ஒரு தந்தை சொன்னால், அதை எளிதில் தள்ளிவிட முடியாது. 'லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்' செய்த பாரிஸ் நிறுவனமான டோன்ட் நொட் 2024 அக்டோபரில் 69 வேலைகள் வரை குறைக்கப்போவதாக அறிவித்தது. துறையின் தொழிற்சங்கமான எஸ்தேஜிவே 2025 பெப்ரவரி 13 அன்று நாடளாவிய வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்தது. நெருக்கடி உண்மையானது. ஆனால் அது புரோகிராமர்களை விட்டுவைத்து மற்றவர்களை மட்டும் வீட்டுக்கு அனுப்பவில்லை. வேலை அரிதாகும்போது நேர்முகத்தில் கேள்வி இன்னும் கூர்மையாகிறது: இந்த விளையாட்டில் நீ செய்தது எது, நீ எடுத்த முடிவு எது, அதனால் என்ன மாறியது? குழுத்திட்டத்தில் பங்கேற்றேன் என்று மட்டும் சொல்லக்கூடிய புரோகிராமரைவிட, ஆடுபவர்களை உட்காரவைத்து மூன்றாவது கட்டத்தில் அவர்கள் ஏன் கைவிட்டார்கள் என்று கண்டுபிடித்து, அந்தக் கட்டத்தை மாற்றவைத்த சோதனைப் பொறுப்பாளரிடம் சொல்ல விடயம் அதிகம். அந்தத் திறன் கேம் துறைக்குள் அடைபட்டுக் கிடப்பதுமில்லை. வங்கியின் செயலி, மருத்துவமனையின் பதிவுத் தளம், ரயில் பயணச்சீட்டு இயந்திரம் என்று மனிதர் தொட்டுப் பயன்படுத்தும் எதற்கும் அது வேண்டும். நாட்களை வகுத்து ஒரு குழுவை முடிவுவரை கொண்டுசென்ற அனுபவத்தைக் கேட்காத துறையும் இல்லை. நிரலாக்கத்தில் உண்மையான நாட்டமுள்ள பிள்ளை அதைப் படிக்கட்டும். நாட்டமில்லாத பிள்ளையைப் பாதுகாப்பு என்ற பெயரில் அதற்குள் தள்ளினால் சுமாரான புரோகிராமர் ஒருவரைத்தான் உருவாக்குவோம். சந்தை சுருங்கும்போது முதலில் அடிபடுபவரும் அவரே.

இரண்டாவது மறுப்பு மாணவர்களிடமிருந்தே வருகிறது. நான்கு ஐந்து பேர் கொண்ட சிறு குழுவில் எல்லோரும் எல்லாவற்றையும் செய்தால்தானே வேலை நடக்கும், பெரிய நிறுவனங்களின் பதவிப் படிக்கட்டை எங்கள் மேல் ஏன் சுமத்துகிறீர்கள் என்கிறார்கள். முதலாளி இல்லாத கூட்டுறவாக இயங்கி 2018இல் 'டெட் செல்ஸ்' என்ற பெருவெற்றியைத் தந்த போர்தோ நகரின் மோஷன் ட்வினையும் சான்றாகக் காட்டலாம். அங்கே உறுப்பினர் அனைவருக்கும் ஒரே சம்பளம், முடிவுகளில் சம உரிமை. அந்த எடுத்துக்காட்டை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் சம உரிமை இருந்ததால் அங்கே வரைபவரும் நிரல் எழுதுபவரும் ஒருவருக்கு ஒருவர் மாற்றாகிவிடவில்லை. மேலதிகாரம் நீங்கியதே தவிர, தன் வேலைக்குத் தானே பதில் சொல்லும் கடமை நீங்கவில்லை. சொல்லப்போனால், அதட்டி வேலை வாங்க எவரும் இல்லாத இடத்தில்தான் ஒப்புக்கொண்ட பொறுப்பு இன்னும் தெளிவாக இருக்க வேண்டும். சிறு குழுவில் ஒருவர் இரண்டு பொறுப்புகளை ஏற்கலாம். ஒரே பொறுப்பை இருவர் பாதி பாதியாக ஏற்று, இருவருமே மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவதுதான் ஆபத்து.

மூன்றாவது மறுப்பு ஆசிரியர்களுடையது. மதிப்பெண் குழுவுக்குப் பொதுவாகப் போனால் உழைக்காதவர் தப்பிவிடுவார், தனித்தனியாகப் போட்டால் மாணவர் ஒருவருக்கொருவர் உதவுவதை நிறுத்திவிடுவார்கள் என்று தயங்குகிறார்கள். இரண்டையும் சேர்ப்பதே சரி. முடிந்த விளையாட்டுக்கு ஒரு பொது மதிப்பெண், ஏற்ற பொறுப்பை நிறைவேற்றிய விதத்துக்குத் தனி மதிப்பெண். நிரல் எழுதியவரின் வேலை, நிரல் மாற்றங்களைக் குறித்துவைக்கும் கிட் பதிவுகளில் நாள்வாரியாக நிற்கும். ஒலிக்காரரின் கோப்புகளும், சோதனையாளரின் குறிப்புகளும், புரொடியூசரின் நாட்காட்டியும் அதேபோல் சாட்சி சொல்லக்கூடியவை. மற்றவருக்கு உதவியதையும் அந்தப் பதிவில் ஒரு வரியாக எழுதலாம், அதற்கும் மதிப்பளிக்கலாம். இந்த ஒழுங்கில் இன்னொரு நன்மையும் உண்டு. துறையில் க்ரஞ்ச் என்று சொல்லப்படும், சமர்ப்பிக்கும் நாளுக்கு முன் இரவு பகலாக உறங்காமல் உழைக்கும் பழக்கம் பள்ளியில்தான் முதலில் ஒட்டிக்கொள்கிறது. அதைப் பெருமையாகப் பேசும் மாணவரும் உண்டு. தேதியைக் காக்கும் பொறுப்பு ஒருவரிடம் உண்மையாக இருந்தால், மூன்றாவது மாதத்திலேயே இந்த இரண்டு கட்டங்களையும் வெட்டிவிடுவோம், நேரம் போதாது என்று சொல்ல ஒரு குரல் இருக்கும். உறக்கமில்லாமல் உழைப்பது ஆற்றலின் அடையாளம் என்று கற்றுக்கொண்ட பிள்ளை, நாளை அதையே சுரண்டும் நிறுவனத்துக்கு இலகுவான இரையாகிவிடும்.

பெயர்ப்பட்டியல் பற்றியும் சொல்லியாக வேண்டும். 'எக்ஸ்பெடிஷன் 33' வெளிவந்தபோது, சுமார் முப்பது பேர் செய்த அதிசயம் என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. உள் குழு அந்த அளவுதான் என்பது உண்மை. ஆனால் விளையாட்டின் முடிவில் ஓடும் பெயர்கள் அதைவிட மிகப் பல. வெளிநாட்டில் இருந்து சண்டைக்காட்சிகளுக்கு அசைவு கொடுத்தவர்கள், பிழை தேடியவர்கள், மொழிபெயர்த்தவர்கள், குரல் கொடுத்தவர்கள், வாத்தியம் வாசித்தவர்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். அந்த நிறுவனம் பெயர்களைப் போட்டதால்தான், முப்பது என்ற எண்ணுக்கு வெளியே எத்தனை பேர் உழைத்தார்கள் என்று மற்றவர்களால் எடுத்துக்காட்ட முடிந்தது. பன்னாட்டு கேம் உருவாக்குநர் சங்கமான ஐஜிடிஏ, யாருக்கு எப்படிப் பெயர் போட வேண்டும் என்பதற்கு நெறிமுறைகளையே வகுத்து வைத்திருக்கிறது. இந்த ஒழுக்கத்தை மாணவர் திட்டத்திலேயே பழக்க வேண்டும். நடுவில் குழுவை விட்டு விலகியவருக்கும், ஒரு நாள் வந்து குரல் கொடுத்தவருக்கும் செய்த அளவுக்குப் பெயர் உண்டு என்று இருபது வயதில் கற்றவர், நாளை ஒரு நிறுவனத்தை நடத்தும்போது அதை மறக்கமாட்டார்.

லாச்சப்பலுக்கும் இதில் வேலை இருக்கிறது. எந்த மாணவர் குழுவுக்கும் கிடைக்க அரிதானவர்கள், கேம் உலகத்துக்கு வெளியே வாழும் ஆடுநர்கள். வகுப்புத் தோழர்களுக்கு எல்லாப் பொத்தானும் பழக்கம். அவர்கள் தடுமாறாத இடத்தில்தான் ஐம்பது வயதுக்காரர் தடுமாறுவார். வார இறுதிகளில் தமிழ் வகுப்பு நடக்கும் மண்டபங்களில் பிள்ளைகளைக் கூட்டிவந்த பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் வகுப்பு முடியும்வரை காத்திருக்கிறார்கள். மாதத்தில் ஒருநாள் அங்கே இரண்டு மடிக்கணினிகளை வைத்து மாணவர் விளையாட்டுகளை ஆடிப்பார்க்கச் செய்தால், மாணவருக்கு வேறெங்கும் கிடைக்காத சோதனை கிடைக்கும். தமிழில் குரல் வேண்டுமா, ஊர்ப் பேச்சு வேண்டுமா, தவில் ஒலி வேண்டுமா, அதற்கும் ஆட்கள் இங்கேயே இருக்கிறார்கள். சங்கங்கள் விழா மலர்களுக்குச் செலவிடுவதில் சிறு பங்கை இதற்கு ஒதுக்கினால் போதும். அத்தோடு பெற்றோருக்கும், இது சும்மா ஆடிப் பொழுதுபோக்கும் படிப்பல்ல, உழைப்பும் ஒழுங்கும் வேண்டிய தொழில் என்பது கண்ணெதிரே விளங்கும்.

பள்ளிகள் ஆண்டுதோறும் நடத்தும் திறந்த நாட்களுக்கு எம்மவர்களும் பிள்ளைகளோடு போகிறார்கள். பளபளக்கும் திரைகளையும், பழைய மாணவர் வேலைசெய்யும் நிறுவனங்களின் சின்னங்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடக்கூடாது. இறுதித் திட்டத்தில் பொறுப்புகளை யார், எப்போது, எப்படிப் பிரிக்கிறார்கள்? ஒலிக்கும் சோதனைக்கும் தனி ஆசிரியர் உண்டா? தனி மதிப்பெண் எதன் அடிப்படையில்? கடந்த ஆண்டு விளையாட்டு ஒன்றின் பெயர்ப்பட்டியலைக் காட்ட முடியுமா? இவற்றைக் கேட்க வேண்டும். பிரெஞ்சில் தயங்கும் பெற்றோர் பிள்ளையையே கேட்கச் சொல்லலாம். கேட்பதும் அந்தப் பிள்ளைக்கு ஒரு பயிற்சிதான். ஆண்டுக்கு எட்டாயிரம் யூரோ கேட்கும் பள்ளி இதற்குத் தெளிவான பதிலை, ஒரு தாளோடும் ஒரு பட்டியலோடும் தர முடியவில்லை என்றால், அந்தப் பணத்தை அங்கே கட்ட வேண்டாம். சில நூறு யூரோவுக்கு இதைச் செய்துகாட்டும் அரசுப் பள்ளிகளின் தேர்வுக்கு இன்னும் ஓராண்டு கூடுதலாகத் தயாராவது மேல். எந்தப் பள்ளியானாலும், நான் ஏற்றது இது, முடித்தது இது, என் பெயர் இங்கே இருக்கிறது என்று மூன்று வரியில் சொல்லக்கூடிய பிள்ளையாக அது வெளியே வர வேண்டும்.